கடுகுத் தலகாணி

சித்த எந்திரிங்க அம்முணி. ஒண்ணுமில்லீங்க, பயந்துக்காதீங்க, சீட்டுக்கு அடியில ஒருக்காப் பாத்துட்டு உக்காந்துக்கறேன். இந்த மெத்தைக்கும் தகரத்துக்கும் நடுவால சந்து இருக்குது பாருங்க, அங்கதான் கூடு கட்டும். ம்... இல்ல. சன்னல் கம்பிலயும் இல்ல. உக்காருங்க. சன்னலோரம் நீங்களே உக்காருங்க, மடியில கொழந்தைய வெச்சிருக்கீங்க, காத்து வேணுமில்ல. எனக்கு இந்த ஓரமே போதும்.

கண்டக்டரு சிரிக்கறாரு பாருங்க. சிரிக்கட்டும். பஸ்ஸு ஏறுனாலும் எனக்கு இதுதான் வேலை, ஏறாத போனாலும் இதுதான் வேலை. செருப்பை ஒதறாம காலை உட மாட்டேன். கொடியில காயற சீலையை நாலு ஒதறு ஒதறாம கட்ட மாட்டேன். எங்கூர்ல என்னை 'ஒதறி வசந்தாமணி'ன்னுதான் சொல்லுவாங்க, எங்காது படவே சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும். தலைவலியும் காய்ச்சலும் அவங்கவங்களுக்கு வந்தாத்தான தெரியும்.

என்னத்தைத் தேடுனேன்னு கேக்கறீங்களா? எட்டுக்கால் பூச்சிங்க. அந்தப் பேரை நான் இவ்வளவு சத்தமாச் சொல்றதே இல்ல, பஸ்ஸு எரைச்சல்ல சொல்லிட்டேன். பாம்புன்னா எனக்கு ஒண்ணுமில்லீங்க. போன ஆனியில ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில நல்ல பாம்பு ஒண்ணு படுத்துக் கெடந்துச்சு. 'போ சாமி, உன்ற வழியப் பாத்துக்கிட்டுப் போ'ன்னு ஒரு சொம்புத் தண்ணிய ஊத்தி உட்டேன், போயிருச்சு. ஆனா இது சொவத்துல ஒட்டிக்கிட்டு நின்னுச்சுன்னா முடிஞ்சுது. நாக்கு ஒட்டிக்கும். கையும் காலும் எனக்குச் சொந்தமில்லாத போயிரும். அது நகரறதில்ல பாத்தீங்களா, அதுதான். நகந்தாத்தான எங்க போகுதுன்னு தெரியும்? அது சும்மா நிக்கும். நம்மளையே பாத்துக்கிட்டு நிக்கும்.

பொம்பளப் புள்ளைங்களா? நல்லா இருக்கட்டும். கன்னத்துல பொட்டு வெச்சிருக்கீங்க, அதும் நல்லதுதான்.

நான் பெருமாநல்லூர்ல எறங்கணுங்க. நீங்க? திருப்பூருக்கா. அப்பச் சரி, கடைசி வரைக்கும் பேச்சுத் தொணைக்கு ஆளாச்சு. இதைச் சித்த நீங்க மடியில வெச்சுக்கறீங்களா? கனமெல்லாம் இல்லீங்க, சின்னத் தலகாணிதான். எனக்குக் கை நடுங்கும், பாருங்க, இப்பக்கூட எப்படி ஆடுதுன்னு. பஸ்ஸு குலுங்கறப்பக் கீழ உழுந்துச்சுன்னா அழுக்காயிரும். பச்சக் கொழந்தைக்குத் தெச்சது. கடுகுத் தலகாணி. அமுக்கிப் பாருங்க, உள்ள கடுகு நகந்து குடுக்குதா? கொழந்தை தலையைத் திருப்புனா கடுகும் திரும்பும், மண்டை உருண்டையா வரும். உங்க கொழந்தைக்கு வெச்சீங்களா? வெக்கலியா! அதான் பின்னால கொஞ்சம் சப்பையா இருக்குது. கோவிச்சுக்காதீங்க, வாய் நிக்காது எனக்கு.

என்ற தங்கச்சி பையனுக்குங்க. மைனாவதின்னு பேரு. அவளுக்குப் பையன் பொறந்து மூணாம் மாசம் நடக்குது, இன்னிக்குத்தான் நான் மொகம் பாக்கப் போறேன். கேட்டீங்களா இந்த நாயத்தை? தாய்க்குத் தாயா நின்னு வளத்தவ நான். மூணு மாசமாக் கண்ணுல காட்டல. செரி, கூப்பிட்டாளே இப்பவாவது, அதுக்குச் சந்தோசப்படணும். தூளிக்குச் சீலை, இடுப்புத் துணி, கொசுவலை, அத்தனையும் இந்தப் பையில இருக்குது. எதையும் நான் ரெண்டாத்தான் செய்வேன். கைக்கொழந்தை இருக்கற ஊட்ல ஒண்ணு நனைஞ்சா மாத்தறதுக்கு ஒண்ணு வேணுமில்ல.

எங்கம்மா இருந்திருந்தா அவங்க செய்வாங்க. அம்மா போனப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. மைனாவுக்கு நடக்கத் தெரியும், பேசத் தெரியாது.

சொல்றேன், கேளுங்க. இதை யாருகிட்டயும் முழுசாச் சொன்னதில்ல. மஞ்சள் வெட்டற காலம். எங்க தோட்டத்துல ஒரு சாளை உண்டு, பண்டம் பாடி போட்டு வெக்கற ஓலைக் கொட்டாய். மத்தியானம் பள்ளிக்கூடத்துல உட்டுட்டாங்கன்னு மைனாவ இடுப்புல தூக்கிக்கிட்டு அம்மாவத் தேடிட்டுப் போறேன். அம்மா தரையில படுத்திருக்கறாங்க. வாயில நொரை. கண்ணு பாதி தொறந்திருக்குது. மேல ஒரு வாசனை, என்னன்னு சொல்றது, பூண்டும் சீமெண்ணெயும் கலந்தாப்புல. பக்கத்துல வாழைக்கு அடிக்கற மருந்து பாட்டலு மூடி இல்லாம உருண்டு கெடக்குது. நிமுந்து பாத்தேன். அம்மா தலைக்கு நேரா மேல, மண் சொவத்துல, அது நின்னுக்கிட்டிருக்குது. என்ற கையகலம். வயித்துக்கு அடியில வெள்ளை வெளேர்னு ரூவாக் காசாட்டம் ஒண்ணைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு. அதும்பட முட்டைங்க அது. அப்பத் தெரியாது.

அப்பா வந்தாரு. பாட்டலைப் பாத்தாரு, அம்மாளப் பாத்தாரு, அப்படியே குத்த வெச்சு உக்காந்துக்கிட்டாரு. ரொம்ப நேரம் கழிச்சு என்னைப் பாத்து, 'எட்டுக்கால் பூச்சி கடிச்சுருச்சு கண்ணு'ன்னாரு. சொவத்தைக் கை காட்டுனாரு. அப்பொறம் வந்தவங்க எல்லாரும் அதையேதான் சொன்னாங்க. பெரியப்பா சொன்னாரு, மணியக்காரரு சொன்னாரு. பூச்சி கடி, பூச்சி கடின்னு ஊரே சொல்லுச்சு. போலீசுக்கெல்லாம் போகாம அன்னிக்கே எடுத்துட்டாங்க.

எனக்கு அழுகையை விட ஆத்திரந்தான் வந்துச்சு. பாவி மனுசி, மருந்து பாட்டலைக் கையில எடுத்திருக்கறாங்க. மூடியத் தொறந்திருக்கறாங்க. அடிக்கறதுக்குள்ள அது முந்திக்கிச்சு. ஒரு நிமிசம் முந்தி எடுத்திருந்தா இன்னிக்கு எங்கம்மா இருந்திருப்பாங்க. நானும் உங்களை மாதிரி மடியில ஒண்ணை வெச்சுக்கிட்டு இருந்திருப்பேன்.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? அழுவலீங்க நான். கண்ணுல சும்மாவே தண்ணி வரும். வாயிலயும் எச்சல் ஊறிக்கிட்டே இருக்கும், அதுக்குத்தான் இந்தத் துணி. கோபியில டாக்டர்கிட்டப் போனேன். டார்ச்சு அடிச்சுப் பாத்துட்டு, கண்ணு மணி ஊசி முனையாட்டம் சுருங்கிப் போச்சுன்னாரு. 'மருந்தடிக்கற வேலைக்குப் போறீங்களாம்மா'ன்னாரு. நான் தோட்டத்துப் பக்கமே போறதில்லீங்க டாக்டர், ஊட்டை உட்டு வெளிய வர்றதே அபூர்வம்னேன். நெசந்தான. ஏதோ மாத்திரை குடுத்தாரு. மாத்திரைக்கு அடங்கற பூச்சியா அது?

எங்கப்பாவுக்கு ஊட்டுக்குள்ள மருந்து வாசனை வந்தா ஆகாது. நான் வயசுக்கு வந்தப்பொறம் வாழைக்கு வாங்குனதுல கொஞ்சம் மிச்சம் புடிச்சு மூலை மூலைக்கு அடிப்பேன். மூக்கைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடிருவாரு. ரெண்டு தடவை டப்பாவத் தூக்கிக் கெணத்து மேட்டுல வீசிட்டாரு. பொண்டாட்டியப் பறிகுடுத்த மனுசன், ஒரு பூச்சியையாவது அடிச்சாரான்னு கேளுங்க. ஒண்ணையும் அடிக்கல. குடிச்சுட்டு வந்தா மட்டும் வாசப்படியில உக்காந்துக்கிட்டு, 'நாந்தான் கண்ணு உங்கம்மாளக் கொன்னுட்டேன்'னு பொலம்புவாரு. அப்பப் பொலம்பி என்னங்க பண்றது? முந்தின நாளே சாளையக் கூட்டி மருந்தடிச்சு வெச்சிருக்கோணும். முந்தின நாளு ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டிருந்தா அதுக்கெல்லாம் எங்க நேரம் இருக்கும்? அம்மா அன்னிக்குச் சோறே திங்கல.

எனக்கு அப்படியே மாத்தி அமைஞ்சு போச்சு. அந்த வாசனை மூக்குல ஏறுனாத்தான் எனக்குத் தூக்கம் வரும். ஆகா, மருந்து இருக்குது, இன்னிக்கு ராத்திரி வராதுன்னு மனசு அடங்கும். கட்டிலு காலு நாலுக்கும் கிண்ணி வெச்சு மருந்துத் தண்ணி ஊத்தி வெச்சிருக்கேன். எங்கூட்ல எறும்பு கெடையாது, கரப்பான் கெடையாது, பல்லி கூடக் கெடையாதுங்க. குருவி கட்டுன கூடு கூட அப்படியே நின்னு போச்சு. பூனை வளத்தேன், ரெண்டும் செத்துப் போச்சு. அதுகளையும் அந்தப் பூச்சிதான் கடிச்சுருச்சுன்னு நெனைக்கறேன். அப்பாவும் கடைசியில இழுத்துக்கிட்டுத்தான் போனாரு, நடுக்கமும் வேர்வையுமா. அவருக்கும் அதுவாத்தான் இருக்கும். அப்ப பாத்துக்குங்க, அத்தனை மருந்து அடிச்ச ஊட்லயே இப்படின்னா, அடிக்காத ஊட்ல என்ன ஆகும்!

கல்யாணங்களா? என்னைப் பொண்ணு பாக்க ஒருக்கா வந்தாங்க, அந்தியூர்ப் பக்கத்து மாப்பிள்ளை. நல்ல செவப்பு. நான் காப்பித் தட்டோட குனியறேன், அவரு சட்டைக் காலருல அது ஏறிக்கிட்டிருக்குது. அப்பொறம் எனக்கு ஒண்ணும் நெனப்பில்ல. தட்டாலயே ஓங்கி அடிச்சேனாம். காப்பியெல்லாம் மாப்பிள்ளை மடியில. மாப்பிள்ளையோட அம்மா எந்திரிச்சு, 'இந்தப் புள்ளைக்கு மாரியம்மன் வந்திருக்குது'ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்களாம். சிரிங்க சிரிங்க, எனக்கே சிரிப்புத்தான் வரும். அதோட யாரும் வரல. எனக்கும் வருத்தமில்ல. மைனா இருந்தாளே.

அவளை எப்படி வளத்தேன் தெரியுங்களா? அவ படுக்கற பாயிக்கு அடியில மருந்துப் பொடி தூவாம படுக்க உட்டதில்ல. பள்ளிக்கூடத்துல மத்த புள்ளைக தலையில எல்லாம் பேனு மேயும், இவ தலையில ஒண்ணு கெடையாது. டீச்சரே ஆச்சரியப்பட்டுக் கேட்டாங்க. சின்னதுல அடிக்கடி வாந்தி எடுப்பா, மயங்கி உழுவா. சவலைப் புள்ள, தாய்ப்பாலு இல்லாம வளந்தது. என்ன பண்றது? ஒரே ஒருக்காத்தான் அவளை அடிச்சிருக்கறேன். பொடக்காளியில உக்காந்து அதைக் கையில ஏத்தி உட்டு வெளையாடிக்கிட்டிருந்தா. 'அக்கா பாரு, காசு வெச்சிருக்குது'ங்கறா. வயித்துல அதே வெள்ளைக் காசு. நான் சீமாத்தால அதை அடிச்சு, அவளையும் அடிச்சு... அந்தப் பூச்சி செத்தப்பொறமும் காசை உடலீங்க. ஒத்தைக் காலால கட்டிப் புடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. அதும் ஒரு தாய்தான, என்ன சொல்லுங்க. அன்னிக்கு ராத்திரி எனக்கு ஏனோ சோறு எறங்கல.

குன்னத்தூரு தாண்டியாச்சா? இந்த டிரைவரு மெதுவாத்தான் போறாரு. தண்ணி குடிக்கறீங்களா? வேண்டாமா. செரி.

மைனாவ நல்ல எடத்துல குடுத்தேன். மாப்பிள்ளை லோகநாதன், பனியன் கம்பெனியில சூப்பர்வைசரு. தங்கமான புள்ளை. அந்த மாமியாக்காரிதான்... அதை அப்பொறம் சொல்றேன். தலைப்பிரசவம் பொறந்த ஊட்லதான பாக்கோணும்? கட்டுச்சோறு விருந்து முடிச்சுக் கையோட கூட்டியாந்துட்டேன். நான் பட்ட சந்தோசத்துக்கு அளவில்ல. சொவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சேன், சுண்ணாம்புலயே மருந்தைக் கலந்து அடிச்சேன். எங்கூருப் பக்கம் நெல்லுக் குதிருக்கு அப்படி அடிக்கறதுண்டு, வண்டு உழுகாதுன்னு. சன்னலை எல்லாம் துணி வெச்சு அடைச்சுட்டேன். 'அக்கா, மூச்சு முட்டுது, தலை சுத்துது'ம்பா. மாசமா இருக்கறவளுக்கு அப்படித்தான் இருக்கும்னேன்.

பொட்டப்புள்ளை பொறந்துச்சு. ரோசாப் பூவேதான். பவளம்னு பேரு வெச்சேன், நான் வெச்ச பேரு அது. தூளியில போட்டு நான் ஆட்டுனா அப்படியே தூங்கிரும்.

ஒரு நாளு மத்தியானம். மைனா குளிக்கப் போயிருக்கறா. நான் தூளிய ஆட்டிக்கிட்டே நிமுந்து பாத்தேன். அத்தனை அடிச்சும், அத்தனை அடைச்சும், தூளி கட்டியிருக்கற உத்தரத்துல, கொழந்தைக்கு நேரா மேல அது நிக்குது. எனக்குப் பன்னெண்டு வயசாயிருச்சு மறுபடியும். ஆனா அம்மா செஞ்ச தப்பை நான் செய்யக் கூடாதில்ல? முந்திக்கிட்டேன். தோட்டத்துக்கு அடிக்கற ஸ்பிரேயரை எடுத்து உத்தரம் முச்சூடும் அடிச்சேன். தூளி நனையற அளவுக்கு அடிச்சேன். அது உழுந்துச்சு. கொன்னுட்டேன்னு நெனைச்சேன் அம்முணி. செயிச்சுட்டேன்னு நெனைச்சேன்.

சித்த நேரத்துல கொழந்தைக்கு எச்சலு வடிய ஆரமிச்சுது. அப்பொறம் வேர்வை. அப்பொறம் கை காலெல்லாம் துடிக்குது. வாயில நொரை. அம்மா வாயில பாத்த அதே நொரைங்க! எனக்குப் புரிஞ்சு போச்சு. நான் அடிக்கறதுக்கு முந்தியே எறங்கிக் கடிச்சுட்டு மேல ஏறியிருக்குது. ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். அந்தச் சின்ன ஆசுபத்திரியில சளி கட்டி மூச்சு அடைச்சுருச்சுன்னாங்க. பொழுது எறங்கறதுக்குள்ள போயிருச்சு.

இருங்க, தொடைச்சுக்கறேன்.

எழவுக்கு வந்த மாமியாக்காரி தூளிச் சீலையை மோந்து பாத்தா. 'என்னடி இது நாத்தம், இந்த ஊட்டு நாத்தமே எம் பேத்தியக் கொன்னுருச்சு'ன்னு நடு வாசல்ல நின்னு மண்ணை வாரித் தூத்துனா. மைனாவக் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டா. மைனா போற போக்குல என்னைத் திரும்பிப் பாத்தா. அந்தப் பார்வைய இப்பவும் மறக்க முடியல. பழி போட்டாங்க பாத்தீங்களா? மருந்து போட்டவ மேல பழி, கடிச்சது நல்லது!

அப்பொறம் பேச்சே இல்ல. போன் பண்ணுனா எடுக்க மாட்டா. ரெண்டாந்தடவை மாசமா இருக்கறான்னு ஊரு சொல்லித்தான் தெரியும். பையன் பொறந்தான்னும் ஊரு சொல்லித்தான் தெரியும். நான் ஒத்தையில அந்த ஊட்ல உக்காந்துக்கிட்டு, எந்த உத்தரத்துல எது நிக்குதோன்னு செத்துச் செத்துப் பொழைச்சேன்.

போன வாரம் அவளே போன் பண்ணுனா. 'அக்கா'ன்னா. அவ்வளவுதான், ரெண்டு பேரும் அழுகறோம். 'என்னால முடியலக்கா, எனக்கு உன்னை உட்டா யாரு இருக்கறா, பையன் உன்ற சாடையாத்தான் இருக்கறான், வந்து பாரு'ன்னா. 'ஆனா ஒண்ணுக்கா, மருந்து டப்பா, பொடி, ஸ்பிரேயரு ஒண்ணும் தூக்கிட்டு வரக் கூடாது. அம்மா மேல சத்தியம் பண்ணு'ன்னா.

பண்ணிட்டேன். எங்கம்மா மேல சத்தியம் பண்ணிட்டேன். ஒரு டப்பாவும் அந்த வாசப்படி ஏறாதுன்னு.

பண்ணிட்டேனே ஒழிய, அன்னையில இருந்து பொட்டுத் தூக்கமில்லீங்க. அந்த ஊடு எப்படின்னு உங்களுக்குத் தெரியாது. நாட்டு ஓடு போட்ட பழைய ஊடு. நூலாம்படை தோரணம் கட்டுனாப்புலத் தொங்கும். அந்த மாமியாக்காரி வெள்ளிக்கெழமை ஒட்டடை அடிக்க மாட்டா, மகாலட்சுமி போயிருவாளாம். செவ்வாக்கெழமை ஆகாது. அமாவாசை ஆகாது, கிருத்திகை ஆகாது. அடிக்கற நாளு எதுன்னு பஞ்சாங்கத்துலயே இல்ல. அதுக்கு நடுவால எம் பையன் தூளியில கெடக்கறான். எனக்கு எப்படி இருக்கும்? சத்தியத்தைக் காப்பாத்தறதா, கொழந்தையக் காப்பாத்தறதா? நீங்களும் பெத்தவதான, சொல்லுங்க பாப்போம்.

யோசிச்சு யோசிச்சு, அம்மாளே வந்து காதுல சொன்னாப்புல ஒரு வழி தோணுச்சு. அந்தத் தலகாணி. நீங்க வெச்சிருக்கறீங்களே, அதேதான்.

கடுகுத் தலகாணிதான். கடுகு பாதி. பாதி வாழைக்குப் போடற குருணை மருந்து. அதும் பொடுசு பொடுசாக் கடுகாட்டமேதான் இருக்கும், கலந்துட்டா எனக்கே அடையாளம் தெரியல. ஸ்பிரேயரு இல்ல, டப்பா இல்ல, பொடி இல்ல. சத்தியத்துல ஒரு சொல்லைக் கூட நான் மீறல. ரெட்டைத் துணி போட்டு நெருக்கித் தெச்சு, மேல பவுடரு போட்டு, சாம்பிராணி காட்டியிருக்கேன், மாமியாக்காரி மூக்கு நாய் மூக்கு. பவளத்துக்கு நான் உட்டது இதுதாங்க. மேலயும் கீழயும் மருந்து போட்டேன், தலைமாட்டுல வெக்காம உட்டுட்டேன். இப்ப ராப்பகலா அவன் தலைக்கு அடியிலயே இருக்கும். கன்னத்தை வெச்சு மோந்துக்கிட்டே தூங்குவான். எதுவும் கிட்ட வராது. எனக்கும் இனிமேட்டுத் தூக்கம் வரும்.

என்னங்க? எதுக்குக் கொழந்தையத் தூக்கி அந்தத் தோளுக்கு மாத்திக்கிட்டீங்க? பூச்சி கீச்சி ஊருதா? எங்க, அசையாம இருங்க, நான் பாக்கறேன். ஒண்ணும் இல்லியே.

என்னது, விசமா? ஆமாங்க, பூச்சிக்கு விசந்தான். நமக்கென்ன? முப்பது வருசமா நான் அதுலயே பொரண்டுக்கிட்டு இருக்கறேன், கல்லாட்டம் இல்லியா? இந்தக் கை நடுக்கமும் எச்சலும் அந்தப் பூச்சி பயத்துனால வந்ததுங்க, மருந்துனால இல்ல.

பெருமாநல்லூரு வந்துருச்சாட்டம் இருக்குது. கண்டக்டரு, ஆளெறங்கோணும்! அம்முணி, அதைக் குடுங்க, நேரமாச்சு. குடுங்க. எதுக்கு முதுகுக்குப் பின்னால வெச்சுக்கிட்டுத் தலைய ஆட்டறீங்க? வெளையாடாதீங்க கண்ணு, மைனா ஸ்டாப்புல வந்து நிப்பா. அட, எதுக்கு அழுவறீங்க? அந்தப் பூச்சி காசைக் கட்டிப் புடிச்சாப்புல அப்படிப் புடிச்சுக்கிட்டீங்க, உட மாட்டேங்கறீங்களே!

ஓ... எனக்குப் புரிஞ்சு போச்சு. நானொரு கூறு கெட்டவ. மண்டை சப்பைன்னு வாயத் தொறந்து சொல்லிட்டு, தலகாணியையும் மடியில குடுத்து வெச்சா எந்தத் தாய்க்குத்தான் ஆசை வராது? கேட்டாக் குடுக்க மாட்டேனா? வெச்சுக்குங்க. என்ற நெனப்பா வெச்சுக்குங்க, உங்க தங்கமும் நல்லாத் தூங்கட்டும். எனக்கு ஒண்ணும் கொறைஞ்சு போகாது. நாந்தான் ஏறுனதுமே சொன்னனே, எதையும் ரெண்டாத்தான் செய்வேன்னு. இன்னொண்ணு எம் பையில பத்தரமா இருக்குது.

கையை உடுங்க அம்முணி, நகம் படுது. பஸ்ஸு எடுத்துருவாங்க. போதும் போதும், நன்றியெல்லாம் எதுக்கு? உடுங்க.

அதா, பாத்தீங்களா, வேப்ப மரத்தடியில, மஞ்சச் சீலை. அவதான் மைனா. தோளுல போட்டிருக்கறாளே, அதுதான் எம் பையன். மைனா! இங்க, முன்னால! பைய வாங்கிக்கடி, எனக்குக் கை நடுங்குது. பாருங்க, என்னைப் பாத்துச் சிரிக்கறா. அவ சிரிச்சுப் பாத்து எத்தனை வருசமாச்சு.